பினாங்கில் ஒரு கோதை

பினாங்குக்கு வந்த புதிதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இரண்டு எழுத்துகள். கிளினிக்கில், வங்கியில், வீட்டுக்கு வரும் கரண்ட் பில்லில் என்று தமிழர் பெயர் எங்கே வந்தாலும் நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' நின்றது. முதலில் ஏதோ படிப்புப் பட்டம் என்றே நினைத்தேன். இவர்தான் விளக்கினார். அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான்: மலாயில் மகன், மகள். இன்னார் மகள் இன்னார் என்பதைத்தான் அந்த இரண்டெழுத்து சொல்கிறது. விருதுநகரில் அப்பா பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கி இனிஷியலாக முன்னால் போட்டு வளர்ந்தவள் நான். இங்கே அப்பாவின் பெயர் முழுசாகப் பின்னால் வருகிறது. கல்யாணம் ஆனாலும் அது மாறுவதில்லை. 2015இல் அதைக் கேட்டபோது எனக்குப் பிடித்துப்போனது. பின்னால் ஒருநாள் அந்த இரண்டெழுத்துக்காகவே தூக்கம் வராமல் கிடப்பேன் என்று அப்போது தெரியாது.

எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. அந்த ஏழு வருடக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. 2022இல், பிறந்து பத்தொன்பது நாளான ஒரு பெண் குழந்தை எங்கள் ஜெலுத்தோங் வீட்டுக்கு வந்தாள்.

இவர் வீட்டில் எல்லாரும் 'எடுத்து வளர்க்கிற பிள்ளை' என்றார்கள். மலாயில் அனாக் அங்காட். அங்காட் என்றால் தூக்கு, எடு என்று அர்த்தம். இரண்டு மொழியும் ஒரே வினைச்சொல்லில் வந்து நிற்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன். தத்து, சுவீகாரம் என்றால் எனக்குப் பத்திரமும் முத்திரையும் நினைவுக்கு வருகின்றன. 'எடுத்து' என்றால் இரண்டு கை தெரிகிறது.

பத்திர வேலையும் இருந்தது. இங்கே முஸ்லிம் அல்லாதவர்கள் நீதிமன்றம் வழியாகத் தத்தெடுக்க 1952ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டம் இருக்கிறது. ஆணை கிடைக்கும் முன் குழந்தை குறைந்தது மூன்று மாதம் தொடர்ந்து நம் பராமரிப்பில் இருக்க வேண்டும். சமூகநல இலாகாவுக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். குழந்தையின் சார்பில் பேச நீதிமன்றம் ஒருவரை நியமிக்கும். அவர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை கொடுப்பார். ஆணை வந்தபிறகு, பதிவு இலாகாவில், அதாவது எல்லாரும் ஜேபிஎன் என்று சொல்லும் இடத்தில், எங்கள் பெயரோடு புதுப் பிறப்புப் பத்திரம் கிடைக்கும். அதே 1952இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி நீதிமன்றம் போகாமல் நேரே பதிவு செய்துகொள்ளலாம்; ஆனால் அதற்கு இரண்டு வருடம் வளர்த்திருக்க வேண்டும். வக்கீல் நீதிமன்ற வழியையே சொன்னார். கடைசியில், "மனு போடுறதுக்குள்ள பிள்ளைக்கு என்ன பேருன்னு முடிவு பண்ணிச் சொல்லுங்க" என்றார்.

அன்றிரவே ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தேன். பழைய பெயராக இருக்க வேண்டும். வகுப்பில் நாலு பேருக்கு இருக்கும் பெயராக இருக்கக் கூடாது. நூறு வருடம் முன்னால் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டிருக்கக் கூடிய பெயர், இன்னும் எழுபது வருடம் கழித்து ஒரு பாட்டிக்கும் பொருந்துகிற பெயர். கல்லூரியில் தமிழ் படித்தவள் என்பதால் சங்கப் புலவர்களிடம்தான் முதலில் போனேன். வெள்ளிவீதி, நச்செள்ளை, இளவெயினி, ஆதிமந்தி, நன்முல்லை. ஆதிமந்தி என்று சொல்லிப் பார்த்தாலே அழகாக இருக்கிறது. ஆனால் காவிரி கொண்டுபோன கணவனைத் தேடி அழுதுகொண்டு அலைந்தவள் அவள். ஒரு குழந்தையின் தலையில் அதை ஏற்ற மனம் வரவில்லை. குறுந்தொகையில் பாடிய அள்ளூர் நன்முல்லையாரின் பெயர் இவருக்கு மிகவும் பிடித்திருந்தது. கடைசி வரை இரண்டாம் இடத்தில் அதுதான் இருந்தது.

தெரிந்தவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். பாதிக்கு மேல் ஒரே பொருள்தான்: அருள், வரம், கொடை, பிரசாதம். எல்லாரும் அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் என்னால் ஏற்க முடியவில்லை. பெற்ற பிள்ளைக்கு வரம் என்று பெயர் வைத்தால் அது பெற்றோரின் சந்தோஷம், அதோடு முடிந்தது. எடுத்து வளர்க்கிற பிள்ளைக்கு அதே பெயரை வைத்தால், நாம் இவர்களுக்குக் கொடுக்கப்பட்டவள் என்று ஒவ்வொரு கையெழுத்திலும் அவளே எழுதிக்கொண்டிருப்பாள். அவள் எப்படி வந்தாள் என்பதை அவள் பெயர் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

நிலா என்றாள் நாத்தனார். புதுப் பெயரானாலும் எனக்கும் ஆசை வந்தது. இவருடைய அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் மலாய்க்கார அக்கா ஒருவர் தயங்கித் தயங்கி, மலாயில் 'நீலா' என்றால் அவுரிச் சாயம் என்றார். "ஒரு சொட்டுச் சாயத்தால் ஒரு பானைப் பாலும் கெட்டது" என்று பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளும் படிக்கும் பழமொழி அங்கே இருக்கிறதாம். தமிழில் வானத்தில் இருப்பது மலாயில் பாலில் விழுகிறது. இன்னொரு ஊரில் பிள்ளை வளர்ப்பவர்கள் பெயரை இரண்டு காதாலும் கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்த அக்கா மட்டும் சொல்லாவிட்டால் எனக்குத் தெரிந்திருக்காது. இன்றைக்கும் அவருக்கு நன்றியோடு இருக்கிறேன்.

அப்புறம் ஊரிலிருந்து அம்மா பேசினாள். நாங்கள் பிள்ளையை எடுத்ததில் முதலில் அவளுக்கு இஷ்டம் இல்லை. வீடியோவில் பாப்பாவின் முகத்தைப் பார்த்தபிறகு தினமும் அவளே கூப்பிட ஆரம்பித்தாள். அன்றைக்கு, "கோதைன்னு வையேன். ஆண்டாளும் கண்டெடுத்த பிள்ளைதானே" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. கண்டெடுத்த பிள்ளை. எந்தச் சொல் வேண்டாம் என்று நான் நோட்டில் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தேனோ, அதையே அம்மா எடுத்து நீட்டினாள். போனை வைத்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கம். சின்ன வயதில் ஆடிப்பூரத் தேருக்கு ஆச்சி கூட்டிப்போவாள். துளசி நந்தவனத்தைக் காட்டி, இங்கேதான் பெரியாழ்வார் பிள்ளையை எடுத்தார் என்பாள். யோசித்துப் பார்த்தால், நம் கதைகளில் எத்தனை பேர் இப்படி வந்தவர்கள்! ஏர் உழுத சாலில் கிடைத்தவள் சீதை. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடைத்தவள் வள்ளி. இருவர் பெயரும் அவர்கள் கிடைத்த இடத்தையே சொல்கின்றன. கோதைக்கு அப்படி இல்லை. கோதை என்றால் மாலை. பெருமாளுக்குத் தினமும் மாலை கட்டிக்கொண்டிருந்த மனிதர், தன் கையில் எப்போதும் இருந்த ஒன்றின் பெயரையே மகளுக்கு வைத்தார். அது துளசிச் செடியின் அடியில் கிடந்த குழந்தையின் பெயர் இல்லை, அவருடைய மகளின் பெயர். இது எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாள் ஆனது. பிடிபட வைத்தவர் கீழ்மாடிப் பாட்டி.

பாட்டியைப் பார்த்தால் சீனர். வாயைத் திறந்தால் கெடா பக்கத்துத் தோட்டத் தமிழ். பினாங்கிலும் மலாயா முழுவதிலும் அந்தக் காலத்தில் எத்தனையோ சீனப் பெண் குழந்தைகளைத் தமிழ்க் குடும்பங்கள் எடுத்து வளர்த்தன. வறுமை, பிள்ளைகள் அதிகம், பெண் என்பது, பிறந்த வருடம் ஆகாது என்ற நம்பிக்கை என்று பல காரணம். பாட்டி பிறந்தது 1950, சீனர் கணக்கில் புலி வருடம். ஒரு மாதக் குழந்தையாக ரப்பர்த் தோட்ட லயத்துக்கு, தொழிலாளர்களின் வரிசை வீட்டுக்கு, வந்தவர். புடவை, பொட்டு, பங்குனியில் விரதம் எல்லாம் உண்டு.

பாப்பாவைக் குளிப்பாட்ட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அப்படி ஒருநாள் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தபோது, பெயர் பிரச்சினையை அவரிடம் கொட்டினேன். பாட்டி எழுந்துபோய் பர்ஸை எடுத்துவந்து தன் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, என் கையில் கொடுத்தார். பாட்டியின் பெயர், அப்புறம் ஏ/பி, அப்புறம் ஒரு தமிழ் மனிதரின் பெயர்.

"முன்னால இருக்கிற பேரு யாரு வேணும்னாலும் வைக்கலாம்மா. பின்னால இருக்குது பாரு, அதுதான் எங்கப்பா. பால் வெட்டிட்டு வந்து என்னைத் தோள்ல போட்டுக்கிட்டுத் திரிவாரு. எந்த ஆபீசுல என் பேரைக் கூப்பிட்டாலும் அவரையும் சேர்த்துத்தான் கூப்பிடணும்."

அன்றிரவு பாப்பா தூங்கியபிறகு திருப்பாவையின் முப்பதாவது பாட்டு தானாக வாயில் வந்தது. அதில் அவள் தன்னைச் சொல்லிக்கொள்வது வெறும் கோதை என்று இல்லை; பட்டர்பிரான் கோதை. பட்டர்பிரான் அவளை வளர்த்த அப்பா. நாச்சியார் திருமொழியின் 143 பாசுரங்களிலும் பதிகம் முடியும் இடங்களில் விட்டுசித்தன் கோதை என்று அவர் பெயரை இழுத்துக்கொண்டேதான் வருகிறாள். எத்தனை நூற்றாண்டுக்கு முன்னால் பாடியது! அவள் எழுதி வைத்திருப்பதும் பாட்டியின் ஐசியில் இருப்பதும் ஒன்றே. யாரோ அவளுக்கு ஒட்டிவிட்ட பெயராக அது இல்லை, அவளே உரிமையோடு எடுத்துக்கொண்டது. என்ன பெயர் வைத்தாலும் ஏ/பிக்குப் பின்னால் இவர் பெயர் வரும் என்பதுதான் என்னை இத்தனை நாள் உறுத்தியது. பெரியவளாகி ஒருநாள் பாப்பா அதைப் பொய் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் அது. அதை வெளியே சொல்லக்கூட எனக்குத் துணிவு இருக்கவில்லை. பாட்டியின் ஐசியைப் பார்த்தபிறகே சொல்ல முடிந்தது.

இவரை எழுப்பிச் சொன்னேன். "அதுவும் எடுத்து வளர்த்த கதைதானே, வேணாம்னு சொன்னியே" என்றார். ஆமாம். ஆனால் பெயரைக் கேட்டதும் வெளியே தெரிகிற கதை இல்லை. அவள் படித்து, அவளாகவே போய்க் கண்டுபிடிக்கிற கதை. கண்டுபிடிக்கும்போது அங்கே ஒருத்தி ஏற்கெனவே உட்கார்ந்திருப்பாள். மறுநாள் அம்மாவைக் கூப்பிட்டேன்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். பாப்பாவுக்கு முதல் பத்திரத்தில் ஒரு பெயர் இருந்தது. பெற்றவள் வைத்தது. மிகவும் சின்னப் பெண். எங்களைப் பார்த்தபோது அழவில்லை, குழந்தைக்கு எந்தப் பக்கம் சாய்ந்து படுத்தால் பிடிக்கும் என்று மட்டும் சொன்னாள். அந்தப் பெயரை அழிக்கிறோமே என்பது என்னை இன்றும் விட்டபாடில்லை. பெயர் வைக்கும் சடங்கை முப்பதாம் நாளில் செய்ய முடியவில்லை, ஐந்தாம் மாதம்தான் முடிந்தது. வலது காதில் மூன்று முறை சொல்ல வேண்டுமே, இவர் கோதை என்று மூன்று முறை சொன்னார். அப்புறம் நான் குனிந்து, முதல் பெயரையும் ஒருமுறை சொன்னேன். அந்தப் பழைய பத்திரம் என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது, கேட்கும்போது கொடுப்பேன். மாலையில் குவீன் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்குப் போனோம். 1833இல் எழுந்த கோயில். இவருடைய தாத்தா கப்பலில் வந்து இறங்கியதும் கும்பிட்ட இடம் என்று வீட்டில் சொல்வார்கள்.

ஆங்கில எழுத்தில் எப்படி எழுதுவது என்று இரண்டு நாள் பேசினோம். தோட்டக் காலத்தில் கிராணிமார், அதாவது தோட்ட எழுத்தர்கள், காதில் விழுந்தபடி எழுதிவைத்ததில், இவர் குடும்பத்தில் ஒரே தாத்தாவின் பெயர் மூன்று விதமாக இருக்கிறது. ஒருவிதமாக எழுதினால் மலாய்க்காரர்கள் கெடாய் என்று படித்துவிடுவார்களோ என்று இவருக்குக் கவலை. கெடாய் என்றால் மலாயில் கடை. நம்முடைய கடைதான் அங்கே போய் அப்படி ஆனது. கடைசியில் அந்தக் குழப்பம் வராத எழுத்தைத் தேர்ந்தெடுத்தோம்.

புதுப் பத்திரம் வந்தபிறகு முதல்முறை அரசாங்கக் கிளினிக்குக்கு ஊசி போடப் போனோம். மலாய் நர்ஸ் கதவைத் திறந்து, தாளைப் பார்த்து, நிதானமாகப் படித்தார். "கோத்தாய்! ஏ/பி..." என்று இவர் பெயரையும் முழுசாகச் சொன்னார்.

கோத்தாய். பூவைக் கோத்தாய், மாலையைக் கோத்தாய். திருத்தலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் மடியில் இருந்தவள் தலையைத் திருப்பிக் கதவுப் பக்கம் பார்த்தாள். நான் எழுந்து அவளை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.