குதிகால் தசைநார் அறுந்தது: நான் ஏன் பெரிய கீறலைத் தேர்ந்தெடுத்தேன்

பிப்ரவரியில் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவில் ஆசிரியைகளுக்கு எறிபந்துப் போட்டி வைத்தார்கள். இரண்டாவது செட்டில் பந்தைப் பிடிக்க இடது காலை ஊன்றி முன்னால் பாய்ந்தேன். குதிகாலுக்கு மேலே யாரோ மட்டையால் ஓங்கி அடித்தது போல இருந்தது. 'டப்' என்று சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் ஆளே இல்லை.

அன்று மாலை பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றுமில்லை, சுளுக்குதான் என்று சொல்லி கிரேப் பேண்டேஜ் சுற்றி, வலி மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். நானும் நம்பிவிட்டேன். நொண்டியபடி நடக்க முடிந்தது, பாதத்தைக் கீழ்நோக்கி லேசாக அசைக்கவும் முடிந்தது. விரல்களை மடக்கும் வேறு தசைகளே அந்த அளவுக்குப் பாதத்தை அசைத்துவிடும் என்பது பிறகுதான் தெரிந்தது. அசைகிறது என்பதால், கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் தசைநார் அறுந்திருக்காது என்று சொல்லவே முடியாது. வீட்டில் எண்ணெய் போட்டு நீவி விட்டார்கள். அத்தை புத்தூர் கட்டுக்குப் போகலாம் என்றார்கள். இப்படியே ஒன்பது நாள் போய்விட்டது.

பத்தாம் நாள் எங்கள் பி.டி. டீச்சர் பார்க்க வந்தார். குதிகாலிலிருந்து நான்கு விரற்கடை மேலே தடவிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். அங்கே அவர் விரல் உள்ளே இறங்கியது. வலது காலில் அதே இடம் கயிறு மாதிரி கெட்டியாக இருந்தது. "அக்கா, இது சுளுக்கு இல்ல, இன்னைக்கே ஆர்த்தோ டாக்டரைப் பாருங்க" என்றார்.

ஆர்த்தோ டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து, பாதங்கள் கட்டிலுக்கு வெளியே தொங்கும்படி வைத்தார். வலது கெண்டைக்காலைக் கையால் அமுக்கினார், பாதம் தானாகக் கீழ்நோக்கி அசைந்தது. இடது கெண்டைக்காலை அமுக்கினார், பாதம் அப்படியே கிடந்தது. தசைநார் அறுந்துவிட்டது என்று அர்த்தம். என் கணவர் அதைப் போனில் எடுத்து எனக்குக் காட்டினார். தாம்சன் டெஸ்ட் என்று பெயர். ஸ்கேன் எதுவும் வேண்டாம், அரை நிமிடம் போதும். முதல் நாளே யாராவது இதைச் செய்து பார்த்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் தீரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கேட்ட இன்னொரு கேள்வி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "சமீபத்துல ஏதாவது ஆன்டிபயாடிக் சாப்பிட்டீங்களா டீச்சர்?" ஜனவரி கடைசியில் சிறுநீர்த் தொற்றுக்காக சிப்ரோஃப்ளாக்சசின் சாப்பிட்டிருந்தேன். அந்த வகை மாத்திரைகள் தசைநாரைப் பலவீனப்படுத்தலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2008-லேயே கட்டம் கட்டி எச்சரித்திருக்கிறது. என் கால் அதனால்தான் அறுந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அந்தக் குடும்பத்து மாத்திரை சாப்பிடும்போதோ, சாப்பிட்ட கொஞ்ச நாளைக்குள்ளோ குதிகாலுக்கு மேலே வலித்தால் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். எனக்குத் தெரிந்து இதில் மூன்று வழிகள். ஆபரேஷனே இல்லாமல், பாதத்தைக் கீழ்நோக்கி வைத்துக் கட்டி, பிறகு குதிகால் உயர்த்திய பூட் போட்டு, அறுந்த முனைகளைத் தானாகச் சேரவிடுவது ஒன்று. எட்டு பத்து சென்டிமீட்டர் கீறித் திறந்து, இரண்டு முனைகளையும் கண்ணால் பார்த்துத் தைப்பது இன்னொன்று. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்டும் கீறி, ஒரு கருவியை உள்ளே செலுத்தி, தோலுக்கு வெளியிலிருந்து ஊசியைக் கடத்தித் தைப்பது மூன்றாவது.

முதல் வழியை நான் மிகவும் விரும்பினேன். கத்தி இல்லை, மயக்க ஊசி இல்லை. ஆனால் அல்ட்ராசவுண்டில் பாதத்தை நன்றாகக் கீழே மடக்கி வைத்துப் பார்த்தபோதும் இரண்டு முனைகளும் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவே இடைவெளி இருந்தது. "முதல் நாளே மடக்கிக் கட்டியிருந்தா நானே ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லியிருப்பேன்" என்றார் டாக்டர். ஒன்பது நாள் நான் அந்தக் காலோடு நடந்ததில் கெண்டைக்கால் தசை மேல்முனையை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இன்னும் சில வாரம் விட்டிருந்தால் நேராக இழுத்துத் தைக்கவே முடியாமல், கால் கட்டைவிரலை மடக்கும் தசைநாரை எடுத்து இங்கே மாற்றி வைக்க வேண்டி வந்திருக்கலாமாம்.

மிச்சம் இரண்டு, பெரிய கீறலும் சின்னக் கீறலும். இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில் சின்னக் கீறல்தான் நவீனம், தழும்பு தெரியாது, சீக்கிரம் ஆறும் என்றார்கள். வீட்டில் எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். நான் கணக்கு டீச்சர், எண்களைப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வரவில்லை. நார்வேயில் 526 பேரை வைத்து இந்த மூன்று வழிகளையும் ஒப்பிட்ட ஆய்வு 2022-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்திருக்கிறது. என் ஆர்த்தோ டாக்டரே அதை எடுத்துக் கொடுத்தார்.

நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு வருடம் கழித்து வலி, நடை, ஓட்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டதில் மூன்று குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மறுபடி அறுவது ஆபரேஷன் இல்லாதவர்களில் 6.2 சதவீதம், இரண்டு ஆபரேஷன் குழுக்களிலும் தலா 0.6 சதவீதம். நரம்பு பாதிப்பு சின்னக் கீறலில் 5.2, பெரிய கீறலில் 2.8, ஆபரேஷன் இல்லாதவர்களில் 0.6. பாதத்தின் வெளிப்பக்கத்துக்கு உணர்ச்சி தரும் சூரல் நரம்பு தசைநாருக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. தோலுக்கு வெளியிலிருந்து ஊசி கடத்தும்போது அது கண்ணுக்குத் தெரியாது, நூலில் மாட்டிக்கொள்ளலாம். பெரிய கீறலில் நரம்பைப் பார்த்து ஒதுக்கிவைக்க முடியும். ஆனால் அந்த இடத்தில் தோலுக்கு அடியில் சதையே கிடையாது, ரத்த ஓட்டமும் குறைவு, அதனால் காயம் ஆறத் தாமதமாகும், சீழ் பிடிக்கும் பயமும் உண்டு. எனக்கு சர்க்கரை இல்லை, வீட்டில் யாரும் புகைப்பதில்லை. சர்க்கரை இருந்திருந்தால் சின்னக் கீறல் பக்கம்தான் போயிருப்பேன்.

கடைசியில் என்னை முடிவெடுக்க வைத்தது ஒரு கேள்விதான். "டாக்டர், இதுல உங்க கைக்குப் பழகினது எது?" அவர் மறைக்கவில்லை. திறந்து தைப்பதை வருடக்கணக்காகச் செய்வதாகவும், கருவி வைத்துச் செய்தது கொஞ்சம்தான் என்றும் சொன்னார். "சின்னக் கீறல்தான் வேணும்னா அதை அடிக்கடி செய்றவர்கிட்ட அனுப்பி வைக்கிறேன்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதுமாக இருந்தது. தழும்பு இருந்துவிட்டுப் போகட்டும் என்று பெரிய கீறலுக்கே கையெழுத்துப் போட்டேன்.

முதுகில் ஊசி போட்டு, குப்புறப் படுக்கவைத்துச் செய்தார்கள். பிறகு போட்டோ காட்டினார். கத்தரித்தது போல அறுந்திருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். தேங்காய் நாரைப் பிய்த்துப் போட்டது போல இரண்டு பக்கமும் இழை இழையாகப் பிரிந்து கிடந்தது. காப்பீட்டில் பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி வந்துவிட்டது, ஆனால் பூட்டுக்கும் வாக்கருக்கும் கொடுக்கவில்லை. அதற்குத் தனியாகப் பணம் எடுத்து வையுங்கள்.

முதல் இரண்டு வாரம் பாதம் கீழ்நோக்கி மடங்கியபடி மாவுக்கட்டு. காலைத் தரையில் வைக்கவே கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள், விரல்களை அசைத்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். கெண்டைக்காலில் வலியோ வீக்கமோ திடீரென்று கூடினாலும், மூச்சு வாங்கினாலும் உடனே வரச் சொன்னார்கள். அப்புறம் பூட். அதற்குள் குதிகாலுக்கு அடியில் ஆப்பு ஆப்பாக அடுக்கு இருக்கும், சில நாட்களுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டே வந்து பாதத்தைச் சமநிலைக்குக் கொண்டுவருவார்கள். எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். குந்தி உட்கார்ந்தால் தையல் மேலேயே முழு இழுவையும் விழும் என்பதால், மூன்று மாதம் அம்மா வீட்டில் இருந்தேன். ஆபரேஷனுக்கு முன்பே இதை யோசித்து ஏற்பாடு செய்துகொள்வது நல்லது.

நான் பயந்தது நடக்கவும் செய்தது. தையல் பிரித்த பிறகு கீறலின் அடிமுனையில் பட்டாணி அளவுக்குத் தோல் கறுத்துப் புண்ணானது. சீழ் இல்லை, ஆனால் ஆற ஐந்து வாரம் ஆனது. ஒருநாள் விட்டு ஒருநாள் டிரெஸ்ஸிங். ஒவ்வொரு முறை பஞ்சை எடுக்கும்போதும் சின்னக் கீறலையே எடுத்திருக்கலாமோ என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. தெரிந்தே ஏற்றுக்கொண்ட அபாயம் என்பதால்தான் தாங்க முடிந்தது.

பிசியோதெரபிஸ்ட் அழுத்திச் சொன்ன ஒன்றை நானும் சொல்கிறேன். விறைப்பாக இருக்கிறதே என்று சுவரில் காலை வைத்துக் கெண்டைக்காலை இழுத்து நீட்டாதீர்கள். புதிதாகச் சேர்ந்த தசைநார் நீண்டுபோய்விட்டால் உந்தும் பலம் குறைந்துவிடும், அதைத் திரும்பக் கொண்டுவருவது கஷ்டம். அவர்கள் சொல்கிற வாரத்தில், சொல்கிற அளவு மட்டும் செய்யுங்கள்.

இப்போது ஏழு மாதம் முடிந்துவிட்டது. மாடிப்படி ஏறுகிறேன், நாள் முழுக்க நின்று பாடம் எடுக்கிறேன். டேப் வைத்து அளந்தால் இடது கெண்டைக்கால் வலதைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு. இரண்டு காலையும் ஊன்றி எக்க முடிகிறது. இடது காலை மட்டும் ஊன்றி எக்கினால் குதிகால் தரையிலிருந்து ஒரு விரல் உயரம்தான் எழும்புகிறது. கரும்பலகையின் மேல் ஓரத்தில் தேதி எழுத ஒற்றைக் காலில் எக்குவது என் பழக்கம். நான் திரும்பி வந்த நாளிலிருந்து ஒன்பதாம் வகுப்பில் ஒரு உயரமான பெண் பிள்ளை, கேட்காமலே தினமும் அதை எழுதி வைத்துவிடுகிறாள். தினம் காலையில் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு பதினைந்து முறை எக்கிப் பார்க்கிறேன். போன வாரத்தைவிட இந்த வாரம் கொஞ்சம் கூடியிருக்கிறது.