பிள்ளையின் குடியுரிமைக்கு லோயரைத் தேடும் முன் சூராட் பெரானாக்கை (பிறப்புச் சான்றிதழை) எடுத்துப் பாருங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஊர்களில் கடைவீட்டு மாடி லோயர்கள் அன்றாடம் பார்ப்பது வீடு வாங்கல் விற்றல், விவாகரத்து, விபத்து இழப்பீடு. குடியுரிமை வழக்கு அப்படிப்பட்டதல்ல. லோயர்களுக்கு அதற்கென்று தனிச் சான்றிதழும் கிடையாது. ஆகவே, "உயர் நீதிமன்றத்தில் குடியுரிமை வழக்கு நடத்தியிருக்கிறீர்களா? எந்தப் பிரிவில்?" என்று நேராகக் கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

ஆனால் முதலில் உங்களுக்கு லோயர் வேண்டுமா என்று பாருங்கள். பிள்ளையின் சூராட் பெரானாக்கில் குடியுரிமைத் தகுதி என்ற இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா' (குடிமகன் அல்ல) என்று இருக்கிறதா? அப்படியானால் இரண்டு வழி உண்டு. ஒன்று, அரசியலமைப்பின் 15ஏ பிரிவில் உள்துறை அமைச்சிடம் விண்ணப்பிப்பது. அது அரசாங்கத்தின் விருப்பம். காரணம் சொல்லாமலே மறுக்கலாம். இதற்கு லோயர் தேவையில்லை, ஜேபிஎன் (தேசியப் பதிவு இலாகா) கவுண்டரில் நீங்களே போடலாம். வயது வரம்பு 21 என்று பலர் மெத்தனமாக இருப்பார்கள். நாடாளுமன்ற மக்களவை 2024 அக்டோபரில் நிறைவேற்றிய திருத்தம் அதை 18 ஆக்குகிறது, தள்ளிப்போடாதீர்கள்.

மற்றது 14-ஆவது பிரிவு. அது உரிமை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. பிள்ளை இங்கே பிறந்தபோது தாய் தந்தையரில் ஒருவர் குடியுரிமை உள்ளவராகவோ, சிவப்பு ஐசி (அடையாள அட்டை) வைத்திருந்த நிரந்தரவாசியாகவோ இருந்தால், பழைய விதிப்படி பிள்ளை குடிமகன்தான். 2024 திருத்தம் இந்த நிரந்தரவாசி வழியை நீக்குவதால், பிறந்த தேதியை லோயரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நல்ல லோயரின் வேலை இங்கேதான் தொடங்குகிறது.

நம்மவர்கள் அதிகம் சிக்குவது கல்யாணப் பதிவில். 1976-ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச்சில் அமலுக்கு வந்தது. அதன் பிறகு கோவிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவில்லாமல் பிள்ளை பிறந்தால் சட்டம் தாயைத்தான் பார்க்கும். அப்பாவிடம் குடிமக்களுக்கான நீல ஐசி இருந்தாலும் உதவாது. பிறகு பதிந்தாலும் பிறந்த நேரத்து நிலை தானாக மாறாது. "இப்போ ரெஜிஸ்டர் பண்ணிட்டா முடிஞ்சிடும்" என்று சொல்லும் ஏஜெண்டை நம்பாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் உறையோடு பத்திரப்படுத்துங்கள். அந்த முடிவை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கும் நீதித்துறை மறுஆய்வுக்கு, முடிவு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 மாதம்தான் கெடு. அதைக் கட்சி அலுவலகப் படிகளிலேயே கழித்துவிட்டு லோயரிடம் வருபவர்கள் ஏராளம்.

லோயரை முடிவு செய்யும்போது மலேசிய வழக்கறிஞர் மன்ற இணையத்தளத்தில் பெயரைத் தேடுங்கள். தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கட்டணம் எதற்கு, எந்தக் கட்டம் வரை, மேல்முறையீடு சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். பணம் நிறுவனக் கணக்குக்குப் போகட்டும், ரசீது நிறுவனத்தின் பெயரில் இருக்கட்டும். அமைச்சரைத் தெரியும், ஆறே மாதத்தில் நீல ஐசி என்பவன் லோயரே அல்ல. கையில் காசில்லையென்றால் ஈப்போவில் வழக்கறிஞர் மன்றச் சட்ட உதவி மையம் உண்டு. குடியுரிமையற்றோருக்கு உதவும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா என்ற தொண்டு அமைப்பிடமும் முதலில் கேட்கலாம்.

ஆவணங்களில் அசலைக் கொடுக்காதீர்கள், நகலைச் சரிபார்த்துக் கொடுங்கள். பெற்றோர் வேலை செய்த தோட்டம் மூடிப்போயிருந்தால் பழைய செக்ரோல் (தோட்டத்துச் சம்பளப் பதிவேடு), கிளினிக் புத்தகம், தாயின் கேடபிள்யுஎஸ்பி (ஊழியர் சேமநிதி) அறிக்கை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை, தமிழ்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவு ஆகியவற்றைத் தேடுங்கள். பெயர் எழுத்து ஒரு தாளில் 'லட்சுமி', இன்னொன்றில் 'லெட்சுமி' என்றிருந்தால் இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி எழுதி, மற்ற தாள்களோடு சேர்த்துவிடுங்கள்.