விடுபட்ட ஆறு துண்டுகள்

பக்கங்கள் (ப+3), (ப+2), (ப+1) சென்டிமீட்டர் உடைய ஒரு கனச்செவ்வகத்தின் கன அளவைக் காண்க என்று ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு முறை சிறு தேர்வு வைத்திருந்தேன். பக்கம் என்ற சொல்லின் முதல் எழுத்தையே மாறியாக வைத்தால், அது ஒரு நீளத்தைக் குறிக்கிறது என்பது பிள்ளைகளுக்கு மறக்காது என்று எண்ணி அப்படி எழுதுவது என் வழக்கம். விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தபோது, ஏறத்தாழ பாதிப் பேர் ப³+6 என்று எழுதியிருந்தார்கள். மூன்று ‘ப’க்களைப் பெருக்கியாயிற்று, மூன்று எண்களையும் பெருக்கியாயிற்று, அவர்கள் பார்வையில் பெருக்கல் அதோடு முடிந்துவிட்டது.

இந்தத் தவறுக்கு நான்தான் பொறுப்பு என்பதில் எனக்கு ஐயமில்லை. (ப+அ)(ப+ஆ)(ப+இ) என்பதன் விரிவை முற்றொருமையாக மனப்பாடம் செய்யவைத்து, அதைத் தடுமாறாமல் ஒப்பிப்பவர்களைப் பாராட்டி, பல ஆண்டுகள் பாடத்தை முடித்து வந்திருந்தேன். ஒப்பித்தவர்களே விடைத்தாளில் நடு உறுப்புகளை விட்டுவிட்டபோதுதான், அந்த உறுப்புகள் எங்கிருந்து வருகின்றன என்பதை நான் ஒருநாளும் காட்டியதில்லை என்பது உறைத்தது.

மறுநாள் தொலைக்காட்சிப் பெட்டியோடு வந்த தடித்த தெர்மோகோலில் 7, 6, 5 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு கட்டியை வெட்டி எடுத்துச் சென்றேன். ப என்பது 4 என்றால் இதுதான் தேர்வில் வந்த கனச்செவ்வகம். அதன் கன அளவு 210 கன சென்டிமீட்டர் என்று வகுப்பே ஒரு குரலில் சொன்னது. ப³+6 எவ்வளவு என்று கேட்டேன், 70 என்றார்கள். மீதி 140 எங்கே என்று கேட்டபோது யாரும் பேசவில்லை. நீளத்தில் 3, அகலத்தில் 2, உயரத்தில் 1 சென்டிமீட்டர் விட்டு மூன்று கோடுகள் போட்டு, பிளேடால் மூன்று வெட்டு வெட்டினேன். கட்டி எட்டுத் துண்டுகளாகப் பிரிந்தது. 4 சென்டிமீட்டர் கனச்சதுரம் ஒன்று, அதுதான் ப³. மூலையில் இருந்த 3, 2, 1 அளவுள்ள சின்னத் துண்டு 6. இந்த இரண்டையும் தனியே எடுத்து வைத்தபின் மேசையில் ஆறு துண்டுகள் கிடந்தன. அவற்றில் மூன்று பலகை போலத் தட்டையானவை, அவற்றின் கன அளவு 48, 32, 16. மற்ற மூன்றும் சட்டம் போல ஒல்லியானவை, 24, 12, 8. கூட்டினால் 96, 44. இரண்டும் சேர்ந்தால் 140. பலகைகள் 6ப², சட்டங்கள் 11ப, முழு விடை ப³+6ப²+11ப+6 என்று கரும்பலகையில் நான் எழுதுவதற்கு முன்பே பின் வரிசையில் ஒருவன் சொல்லிவிட்டான்.

அதோடு பாடம் முடிந்ததென்று நினைத்த வேளையில், அதிகம் பேசாத ஒரு மாணவி எழுந்து, “சார், கன சென்டிமீட்டரோட சதுர சென்டிமீட்டரை எப்படி சார் கூட்டுறது?” என்று கேட்டாள். ப³ கன அளவு, ப² பரப்பளவு, ப வெறும் நீளம். இவற்றை ஒரே வரியில் கூட்டி எழுதுவது அவளுக்குச் சரியாகப் படவில்லை. என் பணிக்காலத்தில் என்னிடம் கேட்கப்பட்ட மிகச் சிறந்த கேள்வி இது என்றே கருதுகிறேன். ஒரே பரிமாணம் உடைய அளவுகளைத்தான் ஒன்றோடொன்று கூட்டலாம் என்பதைப் பிரான்சு நாட்டுக் கணித அறிஞர் வியேத் 1591-இல் தம் இயற்கணித நூலில் விதியாகவே வகுத்து வைத்திருக்கிறார்.

பதில் துண்டுகளிலேயே இருந்தது. மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கச் சொன்னேன். அடிப்பரப்பு ப², தடிமன் 3+2+1, ஆக 6 சென்டிமீட்டர். அப்படியானால் 6ப² என்பதில் உள்ள 6 வெறும் எண் அல்ல, ஒரு நீளம். சட்டங்களின் முனைகளை அளந்தால் 6, 3, 2 சதுர சென்டிமீட்டர். 11 என்ற கெழு ஒரு பரப்பளவு. எண்ணாக எழுதிவிட்டதால் அலகு மறைந்துவிட்டதே தவிர, நான்கு உறுப்புகளுமே கன அளவுகள்தாம். ஆரியபட்டர் 499-இல் கனம் என்ற சொல்லுக்குப் பொருள் கூறும்போது, மூன்று சம எண்களின் பெருக்கற்பலன் என்றும் பன்னிரண்டு விளிம்புகள் உடைய திண்மம் என்றும் ஒரே மூச்சில் சொல்கிறார். எண்ணையும் உருவத்தையும் பிரிக்காத அந்தச் சொல்லைத்தான் கன அளவு என்று நாம் இன்றும் வகுப்பில் பயன்படுத்துகிறோம்.

கழித்தல் குறி வரும்போது துண்டுகளைக் காட்டுவது கடினம் என்பார்கள். 30-க்கு 20 சென்டிமீட்டர் அட்டையில் நான்கு மூலைகளிலும் ப அளவுள்ள சதுரங்களை வெட்டி, ஓரங்களை மடித்துத் திறந்த பெட்டி செய்யும் கணக்கை அதற்காகவே எடுத்துக்கொண்டேன். ப(30−2ப)(20−2ப) விரிந்து 4ப³−100ப²+600ப ஆகிறது. வெட்டாத அட்டையின் முழுப் பரப்பின்மீதும் ப உயரத்துக்கு மணலை நிரப்பினால் 600ப. நான்கு ஓரப் பட்டைகளின் மேலுள்ள மணலை நீக்கினால் 100ப² குறையும். ஆனால் ஒவ்வொரு மூலையும் இரண்டு பட்டைகளுக்குப் பொதுவானது என்பதால் இரு முறை கழிக்கப்பட்டிருக்கும்; அதைச் சரிக்கட்டத் திரும்பச் சேர்ப்பதுதான் 4ப³. 4ப³ ஏன் கூட்டலாக வருகிறது என்பதைக் குறிகளின் விதியைக் காட்டிலும் இந்த மூலைகள் தெளிவாகச் சொல்கின்றன.

பிள்ளைகள் ப-க்கு மதிப்புக் கொடுத்துப் பெட்டிகளை ஒப்பிட்டார்கள். 3 என்றால் 1008, 4 என்றால் 1056, 5 என்றால் 1000. ஒருவன் 16 எனக் கொடுத்து 384 வந்ததென்று நோட்டை நீட்டினான். கணக்கு சரிதான், இரண்டு அடைப்புக்குறிகளும் குறை எண்களாகி, பெருக்கும்போது மிகை எண்ணாகிவிட்டிருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் அட்டையையும் கத்தரிக்கோலையும் அவன் கையில் கொடுத்தேன். 20 சென்டிமீட்டர் ஓரத்தில் ஒரு முனையிலிருந்து 16 சென்டிமீட்டர் அளந்து புள்ளி வைத்தான். மறு முனையிலிருந்து 16 அளந்தபோது புள்ளி முதல் புள்ளியைத் தாண்டிப் போய் விழுந்தது. சிறிது நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் நோட்டில் 384-க்குப் பக்கத்தில், ப என்பது 10-ஐவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்று எழுதினான்.