மூன்றாம் நாள் உதடு

மூன்றாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது பிரஷ் உதட்டில் போய் இடித்தது. நாற்பது வருடப் பழக்கத்தில் வாய் எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கணக்கு தப்பிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் மேலுதட்டின் வலது பாதி குளவி கொட்டியது போலப் புடைத்து நின்றது. இடது பாதி ஏதோ தப்பு செய்துவிட்டது போல அதன் பக்கத்தில் ஒடுங்கிக் கிடந்தது.

நான் ஒலிப்புத்தகங்களுக்குக் குரல் கொடுப்பவள். முகமே தெரியாத வேலை செய்பவளுக்கு உதடு எதற்கு என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்விதான். வயது ஏற ஏற என் மேலுதடு மெலிந்து உள்ளே மடிந்துகொண்டே போனது, சிரித்தால் காணாமலே போனது, எனக்குப் பிடிக்கவில்லை. அதற்கு மேல் சொல்ல என்னிடம் காரணம் எதுவும் இல்லை.

அதனால் உதட்டைக் கொஞ்சம் நிரப்பிக் காட்ட ஊசியில் போட்டுக்கொண்டது ஹயலூரானிக் அமில ஃபில்லர். பெயரில்தான் அமிலம், பார்த்தால் கண்ணாடி போலத் தெளிந்த ஜெல். நம் தோலிலும் மூட்டுகளிலும் இயல்பாகவே இருக்கிற பொருள்தான். ஊசியில் வருவது சீக்கிரம் கரைந்துவிடாமல் இருக்க அதன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கிறார்கள். ஒரு சிரிஞ்சில் ஒரு மில்லி இருக்கும், அதாவது ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. எனக்கு அதிலும் முக்கால்வாசிதான் போனது. அந்தச் சொட்டா இத்தனை ஆட்டம் போடுகிறது என்றுதான் முதலில் தோன்றியது.

ஆட்டம் முழுக்க ஜெல்லுடையது அல்ல என்று பிறகு புரிந்தது. ஹயலூரானிக் அமிலத்துக்குத் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் குணம் உண்டு. அதோடு உதடு என்பது எலும்பின் பிடிப்பு இல்லாத, ரத்தக் குழாய்கள் நிறைந்த தளர்ந்த சதை. ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு சின்னக் காயம். எனக்கு வலது பக்கம் இரண்டு முறை கூடுதலாகக் குத்தினார்கள், அங்கே ஒரு சிறு குழாயும் கீறிப்போய் உள்ளே ரத்தம் கட்டியது. அதில் என் பங்கும் உண்டு. தினமும் மீன் எண்ணெய் மாத்திரை சாப்பிடுகிறேன், அதை யாரிடமும் சொல்லவில்லை. ரத்தக்கட்டு கூடும் என்பதால் ஆஸ்பிரின் வகை மாத்திரைகளோடு அதையும் முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது வழக்கமாம். போதாக்குறைக்கு நான் வலது பக்கம் ஒருக்களித்துத் தூங்குகிறவள். இரவெல்லாம் நீர் எந்தப் பக்கம் இறங்கியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கையில் கொடுத்தனுப்பிய தாளில் 'இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும்' என்று மட்டும் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவில் வீங்காது, ஒரே வேகத்தில் வடியாது என்று ஒரு வரி சேர்த்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? படம் எடுத்து அனுப்பினேன். "சகஜம்தான் மேடம்" என்று பதில் வந்தது. மரத்துப்போகும் மருந்தும் ஜெல்லிலேயே கலந்திருக்கிறது, அதனால் முதல் சில மணி நேரம் சிரிப்பு கோணிக்கொள்ளும் என்பதையும் அவர்கள் சொல்லவில்லை. ஊசி போட்ட அன்று சாயந்திரம் என் சிரிப்பைப் பார்த்து அக்கா பக்கவாதமோ என்று பதறிவிட்டாள்.

அன்று ராத்திரி எனக்கிருந்த பயம் வேறு. ஜெல் தவறிப்போய் ரத்தக் குழாய்க்குள் நுழைந்துவிட்டாலோ, வெளியிலிருந்து அதை நெரித்துவிட்டாலோ, அந்த இடத்துக்கு ரத்தம் போகாது. தோல் வெளுத்துவிடும், அல்லது வலை விரித்தது போல ஊதா நிறத் திட்டுகள் தெரியும், வலி நேரம் ஆக ஆகக் கூடும். விட்டால் சதை அழுகிவிடும். உதட்டை விரலால் அழுத்தி எடுத்து, வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா என்று எத்தனையோ முறை பார்த்தேன். சிவந்தது. வலியும் மந்தமாகத்தான் இருந்தது. இதைப் படிப்பவர் யாருக்காவது அப்படி வெளுப்போ கூடிக்கொண்டே போகும் வலியோ இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு ஊசி போட்டவரை உடனே கூப்பிடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால் அவசர சிகிச்சைக்குப் போங்கள். விடியட்டும் என்று காத்திருக்கும் விஷயம் இல்லை அது. மூச்சு இறுகினாலும் அப்படித்தான்.

நான்காம் நாள் பொறுமை போய்விட்டது. வேறொரு இடத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் ஒரே பார்வையில், "இடது பக்கம் கொஞ்சம் போட்டுச் சமன் செய்துவிடலாம், இன்றைக்கே முடியும்" என்றார். நாற்காலியில் சாய்ந்தும்விட்டேன். கூட வந்திருந்த அக்காதான், "வீங்கின காலுக்கு யாராவது செருப்பு அளவெடுப்பார்களா?" என்று கேட்டு என்னை எழுப்பிக் கூட்டி வந்தாள். அவளுக்கு இதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் சொன்னதுதான் சரி. இரண்டாம் மூன்றாம் நாளில்தான் வீக்கம் உச்சத்தில் இருக்கும், ஒரு வாரத்தில் பெரும்பகுதி வடியும், உண்மையான வடிவம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். அன்றைக்கு இடது பக்கம் ஏற்றியிருந்தால், வலது வடிந்த பிறகு கோணல் அந்தப் பக்கம் மாறியிருக்கும். ஆறு மாதத்தில் தானாகக் கரைந்துவிடும் என்று இதைச் சுலபமாகச் சொல்கிறார்கள். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில் வருடக்கணக்கில் முகத்தில் தங்கிவிட்ட ஃபில்லரும் உண்டு.

அப்புறம் காத்திருப்புதான். தலையை உயர்த்தி மல்லாந்து படுத்தேன். துணியில் சுற்றிய ஐஸை விட்டு விட்டு ஒற்றினேன். உதட்டை அழுத்தித் தேய்க்கும் ஆசையை அடக்கிக்கொண்டேன்.

வேலை மட்டும் நிற்கவில்லை. ஒரு நாவலின் ஆறாம் அத்தியாயம் பாக்கி இருந்தது. மைக் முன்னால் உட்கார்ந்தால் ப, ம இரண்டும் வரவில்லை. உதடு உதட்டோடு சேர்ந்தால்தானே அவை பிறக்கும்? சேர்ந்தது போல இருக்கும், ஒரு ஓரத்தில் காற்று கசியும். உதடு ஒட்டாத எழுத்துகளை மட்டும் வைத்துப் பாட்டுக் கட்டும் நிரோட்டகம் என்று ஒரு வகை தமிழில் உண்டு. அந்த வாரம் எழுத்தாளர் அதில் எழுதியிருந்தால் என் வேலை முடிந்திருக்கும்.

இதற்கு நடுவே ஒரு கூத்து. எட்டாம் நாள் எடுத்த படத்தில் வீக்கம் இடது பக்கத்துக்குத் தாவியிருந்தது! அரை மணி நேரம் கலங்கிப்போனேன். விஷயம் இதுதான்: கண்ணாடி இடம் வலம் மாற்றிக் காட்டும், கேமரா சேமிக்கும் படம் அப்படி மாற்றாது. கையை நீட்டி அருகிலிருந்து எடுக்கும் செல்ஃபி வேறு, முன்னால் இருப்பதை இன்னும் பெரிதாக்கும். அன்றிலிருந்து ஒரே ஜன்னல், ஒரே நேரம், அக்கா கையில் போன், நன்றாகத் தள்ளி நின்று எடுப்பது என்று வைத்துக்கொண்டோம்.

ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய படங்களையும் தேடி எடுத்தேன். அங்கேதான் அடி விழுந்தது. மேலுதட்டு நடுவில் இரண்டு சின்ன மேடுகள் இருக்குமே, அதில் இடது மேடு என் கல்லூரிப் படத்திலேயே தாழ்ந்துதான் இருக்கிறது. கல்யாணப் படத்திலும் அப்படியே. நாற்பது வருடம் அதை நான் பார்த்ததே இல்லை. ஊசி போட்ட பிறகு அளவுகோல் வைத்துப் பார்க்கத் தொடங்கியதால் கண்ணில் பட்டது. முதல் நாளே நான்கைந்து கோணத்தில் படம் எடுத்து, 'இந்தக் கோணல் உங்களுடையது, இது போகாது' என்று காட்டியிருக்க வேண்டியவர்கள் அதைச் செய்யவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

எல்லாம் மனப்பிராந்தி என்று சொல்லிவிடவும் முடியாது. மூன்றாம் வாரம் வீக்கமெல்லாம் வடிந்த பிறகும், வலது உதட்டின் உட்புறம் மிளகு அளவில் ஒரு கட்டி நாக்கில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்தது. மூன்றாவதாக ஒரு தோல் மருத்துவரிடம் போனேன். உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, உதட்டோரம் அக்கிக் கொப்புளம் எப்போதாவது வந்ததுண்டா என்பது. ஊசி குத்துவதே அந்த வைரஸை எழுப்பிவிடக்கூடுமாம். முதல் இரண்டு இடத்திலும் இதை யாரும் கேட்கவில்லை. பிறகு கட்டியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, ஒரே இடத்தில் தேங்கிய ஜெல், இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். ஐந்தாம் வாரமும் அது இருந்ததால் ஹயலூரானிடேஸ் என்ற நொதியை மிகக் குறைந்த அளவில் போட்டார். ஜெல்லைக் கரைக்கிற மருந்து அது. ஒவ்வாமை வருமா என்று முன்கையில் ஒரு சொட்டுப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உதட்டில் கைவைத்தார். எரிச்சல் தாங்கவில்லை, ஃபில்லர் ஊசியே தேவலை. ஒரு நாள் மறுபடி வீங்கியது. இரண்டாம் நாள் நாக்கால் தேடினேன், மிளகு இல்லை.

இப்போது இரண்டரை மாதம். வலது பக்கம் ஒரு நூலிழை பெரிது, இடது மேடு கல்லூரிக் காலத்தில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஆறாம் அத்தியாயத்தை மறுபடி வாசித்துக் கொடுத்துவிட்டேன். மூன்றாம் நாள் பதிவை மட்டும் அழிக்கவில்லை. கதையில் ஒரு பையன் பம்பரம் விடுகிறான். நான் நாற்பது நிமிடம் விடாமல் அதை 'ஃபம்ஃபரம்' என்று வாசித்திருக்கிறேன். அக்கா வந்தால் அதைத்தான் போடச் சொல்கிறாள்.