ஒத்து வந்த எண்

"சார், எக்ஸ்பெரிமென்ட்டோட ஒத்து வருதுங்களே, அப்புறம் எதுக்குங்க மாத்தோணும்?"

என்னிடம் ஆய்வு செய்த மாணவன், அலுமினியம் உள்ள ஒரு மூலக்கூறின் பிணைப்பு நீளத்தைக் கணினியில் கணக்கிட்டுக் கொண்டுவந்திருந்தான், நான் மாற்றிப் போடச் சொன்னேன். எதிர்த்துப் பேசுகிற பையன் இல்லை அவன். சோமனூர்ப் பக்கம், தறிக்காரர் வீடு. புரியாமல்தான் கேட்டான். "ஒத்து வந்தாப் போதுமாப்பா? எதனால ஒத்து வருதுன்னு பாத்தியா?" என்றேன். அத்தோடு பேச்சு முடிந்துவிட்டது. எனக்குள்தான் இன்னும் முடியவில்லை.

அலுமினியத்துக்கு 13 எலக்ட்ரான். பிணைப்பில் இறங்குவது வெளியே உள்ள 3, வேலன்ஸ் எலக்ட்ரான்கள். உள்ளே இருக்கும் 10-ஐ (உள்கூடு, அதாவது கோர்) கோரிலேஷன் கணக்கில், எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து நகர்வதைக் கணிப்பதில், சேர்க்காமல் உறைய வைப்பது வழக்கம், ஃப்ரோசன் கோர். அவன் அதை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சேர்த்திருந்தான். "முழுசாப் பண்ணுனா நல்லதுதானுங்க" என்றான். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் போட்டிருந்த பேசிஸ் செட் (எலக்ட்ரான்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு) சிசி-பிவிடிசெட். டன்னிங் என்ற வேதியியலாளர் 1989-இல் அந்த வரிசையைத் தொடங்கியதே வேலன்ஸ் எலக்ட்ரான்களுக்காக. உட்கருவை ஒட்டிய இறுக்கமான சார்புகள் அதில் போதாது. நாலு முழ வேட்டியை எட்டு முழமாகக் கட்டச் சொன்னால் எப்படி? உள்கூடு பக்கத்து அணுவின் சார்புகளைக் கடன் வாங்கிக்கொள்ளும், அணுக்கள் நெருங்க நெருங்க ஆற்றல் பொய்யாக இறங்கும், பிணைப்பும் அளவுக்கு மீறிக் குறுகும். இதில் சிக்கல் என்னவென்றால், உண்மையான கோர்-வேலன்ஸ் கோரிலேஷனும் பொதுவாகப் பிணைப்பைக் குறுக்கத்தான் செய்யும், நைட்ரஜன் மூலக்கூறில் ஏறக்குறைய 0.002 ஆங்ஸ்ட்ராம். பார்த்தவுடன் பொய் எது, மெய் எது என்று பிடிபடாது. இந்த அளவுள்ள பேசிஸில் (டிரிபிள் சீட்டா) பிணைப்பு சற்று நீளமாக வருகிற குறையை இந்தப் பொய்க் குறுக்கம் சரிக்கட்டி, எண்ணைச் சோதனை மதிப்பின் மேலேயே கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

பீட்டர்சனும் டன்னிங்கும் 2002-இல் அலுமினியத்திலிருந்து ஆர்கான் வரைக்கும் உள்கூட்டையும் சேர்க்கிற கணக்குக்கென்றே ஒரு வரிசை கொடுத்திருக்கிறார்கள், சிசி-பிடபிள்யூசிவி. "அதுல போடு" என்றேன். சொல்வது சுலபம். சிசிஎஸ்டி(டி) என்ற துல்லியமான முறையில் கணக்கு வேலை, மூலக்கூறு அளவின் ஏழாம் படியில் ஏறும். எங்கள் மெஷினில் தற்காலிகக் கோப்புகளுக்கான ஸ்கிராட்ச் டிஸ்க் நிரம்பி ஜாப் செத்தது, மறுபடி போட்டால் ஆடிக் காற்றில் கரண்ட் போய் யுபிஎஸ்ஸும் கைவிட்டது. ஆய்வேட்டுக்கு முன் கொடுக்க வேண்டிய சினாப்சிஸ் தள்ளிப்போனது. அவன் அப்பா எனக்கே போன் போட்டு, "இன்னும் எத்தன நாளைக்குங்க சார் இந்தப் படிப்பு?" என்றார். கூலி, நூல் விலை என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டார்.

கடைசியில் வந்த எண் சோதனையிலிருந்து விலகியிருந்தது. முறை சரி, விடை தள்ளி. "பரவாலீங்க சார்" என்று எண்களின் டேபிளை வைத்துவிட்டுப் போனான்.

நான் செய்தது சரிதான். தற்செயலாகப் பொருந்திய எண்ணை ஆய்வேட்டில் விட முடியாது, இன்றைக்கும் விடமாட்டேன். ஆனால் அது பொருந்தாமல் வந்திருந்தால் அவனே இன்புட்டைத் தோண்டியிருப்பான், நான் இவ்வளவு நீதி பேசியிருக்க மாட்டேன். அதே பேசிஸில் உள்கூட்டை உறைய வைத்து ஓட்டியிருந்தால் ஓர் இரவு வேலை, நாணயமான எண்ணும்கூட. அதை நான் ஏன் சொல்லவில்லை? தெரியாமல் இல்லை. கோர்-வேலன்ஸ் விளைவு எவ்வளவு என்று பார்க்க எனக்கே ஆசை இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. நாளைக்குக் கேட்டால் இல்லை என்பேன்.

வைவாவில் அந்த டேபிளை யாரும் தொடவில்லை. முடிந்து காபி குடிக்கும்போது அவன்தான் கேட்டான், "ஃப்ரோசன் கோர்லயே விட்டிருக்கலாங்களா சார்?" விட்டிருக்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அலுமினியத்தின் உள்கூட்டிலுள்ள 2பி எலக்ட்ரான்கள் அப்படியொன்றும் ஆழத்தில் இல்லை, அவற்றை விட்டுவிட்டு மூன்றாவது தசமம் பேச முடியாது என்று ஆரம்பித்துவிட்டேன்.