போர்ட் ஆர்தர், நள்ளிரவு

திடீர்த் தாக்குதல் என்றாலே எல்லோரும், 1941இல் ஜப்பான் அமெரிக்கக் கடற்படையை அடித்த பேர்ல் ஹார்பருக்குப் போய்விடுகிறார்கள். எனக்கு முதலில் ஞாபகம் வருவது போர்ட் ஆர்தர்: சீனக் கரையில் அன்று ரஷ்யாவின் கையில் இருந்த கடற்படைத் துறைமுகம், ரஷ்ய-ஜப்பானியப் போர் தொடங்கிய இடம்.

1904 பிப்ரவரி 8, நள்ளிரவு நேரம். உள்துறைமுகத்தில் ஆழம் போதாது, கடலேற்றம் வந்தால்தான் பெரிய கப்பல்கள் உள்ளே வெளியே போக முடியும். அதனால் ரஷ்யக் கப்பற்படை வெளியே நங்கூரம் போட்டு நின்றது, போதாக்குறைக்குத் தேடுவிளக்கையும் எரியவிட்டு! ஜப்பானியக் கப்பற்படைத் தளபதி அட்மிரல் டோகோ அனுப்பிய 10 ஜப்பானிய நாசகாரிக் கப்பல்கள் இருட்டில் வந்து 16 டார்பிடோக்களை (நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தாக்கும் குண்டுகளை) விட்டன. பட்டது மூன்றே மூன்று. ஆனால் பட்ட இடம் அப்படி: த்செசாரேவிச், ரெத்விசான் என்ற அருமையான போர்க்கப்பல்கள், கூடவே பல்லாடா என்ற குரூசர்.

போர் அறிவிப்பா? அது 10ஆம் தேதி சாவகாசமாக வந்தது.

அப்புறம் 1907இல் பல நாடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகரில் கூடி, சொல்லிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினார்கள். ஜப்பானும் கையெழுத்துப் போட்டது.