வாணவேடிக்கை உரிமம் வந்தாச்சு!

நண்பர்களே, வாணவேடிக்கை நடத்துவதற்கான உரிமம் இன்று கைக்கு வந்தது. அவ்வளவு சந்தோஷம்!

திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடுகிற வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் எல்லாம் மின்சாரத்தில்தான். வானில் போய் வெடிக்கும் மருந்து உருண்டையைத்தான் ஷெல் என்போம்; அதைக் குழாய்க்குள் வைத்திருப்போம். ஒவ்வொரு ஷெல்லிலிருந்தும் ஒரு வயர் தூரத்தில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும். பொத்தானை அழுத்தினால் குழாயின் அடியில் உள்ள கருமருந்து எரிந்து ஷெல்லை மேலே தள்ளும். அதே நெருப்பு தாமதத் திரியையும் பிடித்துக்கொள்ளும். ஷெல் உச்சியைத் தொடும்போது அந்தத் திரி எரிந்து முடிய வேண்டும், அப்போதுதான் அங்கே வெடிக்கும். அந்தக் கணக்கு எனக்கு இன்னும் வியப்புதான்.

மருந்து நிரப்பிய குழாய்க்கு மேலே தலையோ கையோ நீட்டவே கூடாது. வெடிக்காத ஷெல்லிடம் உடனே போகக் கூடாது. காற்று திசை மாறினால் நிகழ்ச்சியையே நிறுத்த வேண்டியிருக்கும், யார் வற்புறுத்தினாலும் சரி.

அப்புறம், நிறங்கள். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை. நீலத்துக்குச் செம்பு வேண்டும். சூடு கூடினால் அந்த நீலம் வெளிறிவிடும். அடுத்த முறை வானத்தில் அடர்நீலம் தெரிந்தால், அதைச் செய்தவருக்காகப் பலமாகக் கைதட்டுங்கள்.

பக்கத்தில் நிறுத்திப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்த மூத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.